கட்டைவிரல் நகமும் பாரசீகத் தீயும்

ஜெர்மனியில் நான் முதலில் செய்த காரியம், ஆளில்லாத சாலையைக் கடக்கப் போய் மகளிடம் அடி வாங்கியது.

டார்ம்ஸ்டாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. எதிரே விளக்குக் கம்பத்தில் சிவப்பு மனிதன் விறைப்பாக நின்றான். அவனுக்கு மரியாதை கொடுத்து இந்தப் பக்கம் நான்கு பேரும் அந்தப் பக்கம் ஒரு கிழவரும் நின்றார்கள். நான் காலை எடுத்து வைத்தேன். இசக்கி என் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

“அப்பா, ரெட்ல போகக் கூடாது.”

“வண்டியே இல்லையேட்டி?”

“வண்டி இல்லன்னாலும் ரெட் ரெட்தான். சின்னப் பிள்ளைங்க பாத்துக் கத்துக்கும்னு திட்டுவாங்க.”

சின்னப் பிள்ளை எங்கே என்று பார்த்தேன். அதுவும் இல்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அறுபத்து மூன்று வருஷமாக உயிரோடு சாலையைக் கடந்தவனுக்கு இது பெரிய அவமானம். ஆனாலும் நின்றேன். மகள் சம்பாதித்து வாங்கிக் கொடுத்த விமானச் சீட்டில் வந்தவன் கொஞ்சம் அடங்கித்தான் போக வேண்டும்.

இசக்கி அங்கே ஒரு கம்பெனியில் எஞ்சினியர். அலுவலகத்தில் அவளை இஸ்ஸி என்கிறார்கள். குலதெய்வத்தை இப்படிச் சுருக்கிவிட்டார்களே என்று எனக்கு வருத்தம். அவள் வாங்கி வைத்திருந்த ரொட்டியைத் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. கொண்டுபோன இட்லிப் பொடியை எண்ணெயில் குழைத்து அதன்மேல் தடவினேன். பொடிக்கு நாடு, மொழி என்ற பேதமில்லை.

மகளைப் பார்க்க வந்தது பாதிக் காரணம். மீதிக் காரணம் நான் சென்னையிலிருந்து கையிலேயே தூக்கிக்கொண்டு வந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுப்பார்களே, அந்தக் குழாய்தான். இரண்டு பக்கமும் மூடி போட்டிருந்தேன். உள்ளே என்ன என்று விமான நிலையத்தில் கேட்ட அதிகாரியிடம் “கல்வெட்டு” என்று பெருமையாகச் சொன்னேன். தாள் என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

நான் கல்வெட்டுகளுக்குப் படியெடுப்பவன். முப்பத்தோரு வருஷம் அதுதான் உத்தியோகம், ஓய்வுபெற்ற பிறகும் அதேதான். கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் விரித்து, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மேலே மைப்பந்தால் ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். அதை வாசிப்பது அறிஞர்கள் பாடு. என் கை எடுத்த படியில் எழுத்துத் தெரியவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதைக் கர்வம் என்றால் கர்வம்தான்.

என் வலது கட்டைவிரல் நகம் கொஞ்சம் நீளம். ஏதாவது ஒரு மூலையில் தாள் இறங்க மறுத்தால் நகத்தால் லேசாக அழுத்திவிடுவேன். செய்யக் கூடாது என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள், செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை. புறப்படுகிற அன்று என் வீட்டுக்காரி, “வெளிநாட்டுக்குப் போறீய, அந்த நகத்தை வெட்டிட்டுப் போங்க. பாக்கிறவன் பூச்சாண்டின்னு நெனப்பான்” என்றாள். “இது என் ஆயுதம்ளா” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

குழாய்க்குள் இருந்த தாளின் கதை இது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த பலகைக் கல்லை இரண்டு வருஷத்துக்கு முன் பார்த்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சிலைக் கடத்தல்காரர்களும் பயணக் கட்டுரை படிக்கக்கூடும். கல்லில் மூன்று படிகள் வைத்த ஒரு பீடம் செதுக்கியிருந்தது. அதன் கீழே ஒற்றை வரி எழுத்து. தமிழும் இல்லை, கிரந்தமும் இல்லை, அரபியும் இல்லை. படியெடுத்து ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினேன். “இது பஹ்லவி. பழைய பாரசீகர்கள் எழுதினது. நம்ம பரங்கிமலைச் சிலுவையில இருக்கே, அதே எழுத்து” என்றார். பிறகு, “லைப்சிக்ல மஹ்நாஸ்னு ஒரு அம்மா இருக்காங்க. உலகத்துல யாருக்கு இந்த எழுத்து கிடைச்சாலும் அவங்களுக்கு ஒரு காப்பி போகும்” என்று முகவரி கொடுத்தார்.

எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. நன்றி இரண்டு வரி, கேள்வி நாற்பது வரி. பீடத்தின் மேலே என்ன இருந்தது? பாரசீகர்களின் பழைய நாணயங்களில் இப்படி ஒரு பீடத்தின்மேல் தீ எரியும், கிறிஸ்தவர்களாக இருந்தால் சிலுவை நிற்கும், உங்கள் கல்லில் எது? நாணயப் படங்களையும் அனுப்பியிருந்தார். நான் மறுபடி போய் இன்னொரு படி எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். ஏப்ரலில் அந்த வீட்டுக்காரர் பழைய பின்கட்டை இடித்துப் புது வீடு கட்டினார். கல் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. ஆகவே என் குழாய்க்குள் இருந்த தாள்தான் அதற்கு மிச்சமிருந்த ஒரே தெளிவான சாட்சி. அதை ஒரு விழாவுக்கு நேரில் கொண்டுவரும்படி அந்த அம்மா அழைத்திருந்தார்.

திங்கட்கிழமை இசக்கி வீட்டுத் தபால் பெட்டிக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. கத்திரிப்பூ நிறத்தில் கனமான அட்டை. நடுவில் என் மைப்படியிலிருந்து எடுத்த ஒரு துண்டு, பீடத்தின்மேல் மூன்று சுடர்கள். இசக்கி ஜெர்மனை வாசித்துச் சொன்னாள்.

“‘கடல் கடந்த தீ’ன்னு தலைப்பு போட்டிருக்குப்பா. சனிக்கிழமை மெஹ்ரகான் விழாவாம், அவங்களோட பழைய அறுவடைத் திருநாள். கேளுங்க, ‘இந்தச் சுடரின் வடிவம் ஈரானில் எங்குமே இல்லாதது. தமிழ்நாட்டுச் சிற்பி பாரசீகத் தீயைத் தன் ஊர் விளக்கைப் போலச் செதுக்கியிருக்கிறான். இரண்டு பண்பாடுகள் ஒரே கல்லில் கைகோத்திருக்கின்றன.’ சூப்பர்ல? உங்க பேரும் போட்டிருக்காங்க!”

அந்தத் தமிழ்நாட்டுச் சிற்பி நான்தான்.

பீடத்தின் மேலே கல் பெயர்ந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். முதல் படியில் அந்த இடம் அசிங்கமாக மை அப்பிக் கிடந்தது. இரண்டாம் முறை எடுத்தபோது அந்த அம்மா அனுப்பிய நாணயப் படம் சட்டைப் பையில் இருந்தது. ஈரத் தாள் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது, நகம் தயாராக இருந்தது. மூன்று கோடு இழுத்தேன். அவர் சந்தோஷப்படுவாரே என்றுதான். தீ என்று சொன்னதும் என் கைக்கு வந்தது திருக்கார்த்திகை அகல்விளக்கின் சுடர். அது பாரசீகத் தீ மாதிரி இல்லை என்பதையே அவர் ஒரு கண்டுபிடிப்பாக்கி வைத்திருந்தார்.

இசக்கியிடம் சொல்லவில்லை. அவள் அழைப்பிதழைப் படமெடுத்து அம்மாவுக்கும் சித்திக்கும் மாமாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தனியாக லைப்சிக்குக் கிளம்பினேன். இசக்கி லீவு போட முடியாது, சனிக்கிழமை காலை நேரே வந்துவிடுவதாகச் சொன்னாள். பிராங்க்ஃபர்ட்டில் ரயில் மாற வேண்டும். என் பெட்டி முன்கோடியில் வரும் என்று பலகை சொன்னது, அங்கே போய் நின்றேன். ரயில் வர ஒரு நிமிஷம் இருக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். உடனே நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் ஓட ஆரம்பித்தார்கள். பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றனவாம். இந்த நாட்டில் இறங்கிய பிறகு முதல் முறையாக ஊரில் இருப்பது போல நிம்மதியாக இருந்தது. குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் ஓடினேன். எதிரே வந்தவர்கள் தாராளமாக வழிவிட்டார்கள்.

அந்த நிம்மதி ஒன்றரை மணி நேரம் நீடித்தது. பிறகு ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். தண்டவாளத்தில் வேலை, இனிமேல் கொஞ்ச தூரம் பஸ். நான் பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டு நிலவரம் சொல்லி முடித்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று.

“அண்ணை, இந்தியாவோ?”

“ஆமா. திருநெல்வேலி.”

“போனில கதைச்ச சத்தத்திலயே கண்டுபிடிச்சிட்டன். நான் பரமேஸ். ஊர் சாவகச்சேரி. சனம் எல்லாம் ஏற இன்னும் இருவது நிமிசம் செல்லும். ரோல்ஸ் சாப்பிடுறியளோ? மனிசி செய்தது.”

ஆட்டிறைச்சி ரோல்ஸ். நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு நாக்கு உயிர்த்தெழுந்தது. பரமேஸ் குழாயைக் காட்டி, “இதுக்குள்ள என்ன அண்ணை, துவக்கோ?” என்று துப்பாக்கி பிடிப்பது போலக் கை காட்டிச் சிரித்தார். முன்பின் தெரியாத ஆளிடம்தான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது. கல்லையும் நகத்தையும் மூன்று கோட்டையும் சனிக்கிழமை விழாவையும் சொல்லிவிட்டேன். கல்லே இல்லாமல் போனதால் நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

பரமேஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குப் பிறந்த திகதி சரியாத் தெரியாது அண்ணை. மாசி மாசம் எண்டு அம்மா சொல்லுவா, அவ்வளவுதான். அகதியா இஞ்ச வந்து முதல் விசாரிக்கேக்க, தெரியாது எண்டுதான் சொன்னனான். மொழிபெயர்க்க வந்தவர் நல்ல மனுசன். எனக்கு உதவி செய்யிறன் எண்டு தானே ஒரு திகதியைக் குடுத்திட்டார். பேந்து ஊரிலயிருந்து பிறப்புப் பத்திரம் எடுத்தா, அதில வேற திகதி. அதுக்குப் பிறகு ஆன்ட்ராக் எண்டு எந்த விண்ணப்பம் குடுத்தாலும், டெர்மின் எண்டு எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஒரே கேள்வி. இதில எது பொய்? கலியாணம் எழுத, பிள்ளைக்குப் பேர் பதிய, இந்த பஸ் ஓட்டுற லைசன்ஸுக்குக் கூட. பதினொரு வருசம் அண்ணை. தெரியாது எண்டு வெறுமையா விட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்.”

“அவர் நல்லெண்ணத்துலதான செஞ்சார்?”

“ஓம். அதாலதான் அந்த மனுசனை இண்டைக்கும் என்னால திட்ட ஏலாமல் கிடக்கு.” பரமேஸ் கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். “சொல்லிப்போடுங்கோ அண்ணை. இப்ப சொன்னா ஒரு நாள் ஏச்சு. அந்த அம்மா மேடையில சொன்ன பிறகு எண்டா, அவவுக்கு ஆயுசு முழுக்க.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று தலைக்கு மேலே பலகை இருந்தது, அவரும் அந்த நாட்டுக்காரராக ஆகியிருந்தார்.

லைப்சிக் நிலையத்தில் மஹ்நாஸ் அம்மாவே வந்திருந்தார். நெடிய உருவம், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, சிவப்புக் கோட்டு. “ஆகா சுப்பையா!” என்று கூப்பிட்டார். பாரசீகத்தில் ஆகா என்றால் ஐயா. ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து வியப்பது போலவே எனக்குக் கேட்டது. எங்களுக்குள் ஆங்கிலம்தான். இருவருக்கும் அது சுமார் என்பதால் சண்டையில்லாமல் ஓடியது.

டிராமில் போனோம். எதிரே வந்த டிராம்களின் ஓட்டுநர்கள் எல்லாம் இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். இருபத்திரண்டு வருஷம் இதே நகரத்தில் டிராம் ஓட்டியவராம். எங்கள் வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியதும், “பிரேக்கை மிதிக்கிறான், மெல்ல அணைத்துப் பிடிக்கத் தெரியவில்லை” என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. தன் வேலையில் கர்வமுள்ளவர்கள் சீக்கிரம் உறவாகிவிடுவார்கள்.

அவருடைய அறை ஒரு பழைய அச்சுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அச்செழுத்து வைக்கும் அகலமான இழுப்பறைகள் சுவர் முழுக்க. ஒவ்வொன்றிலும் தாள் படிகள். ஈரானின் மலைப்பாறைகள், முத்திரைகள், வெள்ளிக் கிண்ணங்கள், கல்லறைகள். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு சின்னக் கரண்டியில் தணலெடுத்து அதில் ஏதோ விதையைப் போட்டு என் தலையைச் சுற்றினார். விதை படபடவென்று வெடித்தது. கண்ணேறு கழிக்கிறாராம். நாங்கள் மிளகாயும் உப்பும் போடுவோம் என்றேன். “எங்களுடையது வாசனையாக இருக்கும்” என்றார். இருந்தது. திருஷ்டி கழிந்திருக்கும், என் திருட்டு மட்டும் கழியாமல் நெஞ்சிலேயே இருந்தது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, அதன் பிறகுதான் என் தாளைத் தொட்டார். மேசையில் விரித்து, விளக்கைத் தாழ்த்தி வைத்தார். பிறகு எழுத்தின்மேல் விரலை ஓட்டாமல் காற்றிலேயே நகர்த்தி வாசித்தார். ஒரு மனிதனின் பெயர், அவன் தகப்பன் பெயர், அவன் ஆன்மாவுக்காக ஒரு வேண்டுதல். கடைசியில் சுடருக்கு வந்தபோது அவர் கண் கலங்கியது. நான் ஜன்னல் வழியே டிராம் கம்பிகளைப் பார்த்தேன்.

“பதினேழு வயதில் ஷிராஸுக்கு வெளியே ஒரு பாறையின் முன்னால் நின்றேன்” என்றார். “என் மொழிதான், ஆனால் ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடகடவென்று வாசித்தார். அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதுதான் ஐம்பத்தேழு வருஷமாக என்னை ஓட்டுகிறது.”

நாட்டை விட்டு வந்தபோது உடுப்பைக் குறைத்து இந்தத் தாள்களைக் கொண்டுவந்தாராம். பகலில் டிராம், ஓய்வு நாளில் எழுத்து. சனிக்கிழமைகளில் அறை திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். ஈரானியர், ஆப்கானியர், குர்துகள், ஜெர்மானியர் என்று வருகிறார்கள். “எனக்குப் பட்டம் கிடையாது” என்றார். “டிராம்காரி என்ன வாசித்துவிடுவாள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஒரு தப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு வருஷத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அவர் சாப்பாட்டை எடுத்து வைத்தார். குங்குமப்பூச் சோறு, அடியில் பொன்னிறமாக முறுகிய காந்தல். எங்கள் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்கு வசை விழும். இங்கே அந்தக் காந்தலைத்தான் விருந்தாளிக்கு முதலில் வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் அவர் விடவில்லை, அவர் வேண்டாம் என்றபோது நானும் விடவில்லை, இந்த உபசாரச் சண்டையில் இரண்டு நாடும் சமம். தீயைப் பற்றி வாயே திறக்காமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மறுநாள் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். நான் தேநீரைத் தொடாமல் சொன்னேன்.

“அம்மா, அந்தத் தீ கல்லில் இல்லை. நான் நகத்தால் கீறினேன்.”

அவருக்குப் புரியவில்லை. கட்டைவிரலை நீட்டி, தாளின்மேல் ஒரு சுடருக்கு நேராகப் பிடித்தேன். நகத்தின் வளைவும் சுடரின் வளைவும் ஒன்றாக உட்கார்ந்தன.

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய், தேநீர் கொதிக்கிற சமோவாரின் சுவிட்சை அணைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு அடியைப் போல இருந்தது.

“ஏன்?”

“நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று.”

“நான் கேட்டேனா?” குரல் உயரவில்லை. “இருபத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டினேன். தெருவில் ஒரு பூனைகூட இல்லாத நேரத்திலும் சிவப்பு விழுந்தால் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று ஒரு முறை போனால், அதற்குப் பிறகு நான் நின்ற ஒவ்வொரு முறைக்கும் மதிப்பில்லை. கல் உடைந்த இடம் உங்களுக்குச் சிவப்பு விளக்கு. நீங்கள் போய்விட்டீர்கள்.”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. முப்பத்தோரு வருஷத்தில் மேலதிகாரிகள் எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் உள்ளே போனதில்லை. இது போனது. மாலை ரயிலில் திரும்பிவிடுகிறேன் என்றேன்.

“போவதா? அழைப்பிதழ் எல்லோர் கையிலும் இருக்கிறது. நாளை நீங்கள்தான் நின்று சொல்ல வேண்டும். படியெடுத்துக் காட்டுவதாகவும் போட்டிருக்கிறேன், அதையும் செய்ய வேண்டும்.” பிறகு அவர் எழுதிய தாள்களை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இழுப்பறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் புதுத் தாளும் பென்சிலும் இருந்தன.

“அந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது?”

“ஒன்றுமில்லை. பள்ளம்.”

“எவ்வளவு ஆழம்?”

அன்று மதியம் வரை கேட்டார். பள்ளத்தின் விளிம்பு கூர்மையா, மழுங்கலா? உடைந்த இடத்தின் நிறம் மற்ற கல்லைவிட வெளுப்பா? உளி பட்ட அடையாளமா, தானாகப் பெயர்ந்ததா? கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். விளிம்பு மழுங்கல், சோப்பும் தண்ணீரும் வருஷக்கணக்கில் தேய்த்திருந்தது. இடது ஓரத்தில் மட்டும் இரண்டு உளித் தடம், யாரோ வேண்டுமென்றே செதுக்கி எடுத்த மாதிரி. இதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு உளித் தடத்தைச் சொன்னதும் அவர் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இதைவிட்டுவிட்டா எனக்குத் தீ வரைந்து அனுப்பினீர்கள்?” என்று கேட்டார். சமோவார் மறுபடி உறுமத் தொடங்கியது.

சனிக்கிழமை மெஹ்ரகான். கத்திரிப்பூ நிறத் துணி விரித்த மேசையில் மாதுளையும் ஆப்பிளும் பன்னீரும் கண்ணாடியும் வைத்திருந்தார்கள். நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். இசக்கி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். விஷயத்தை வாசலிலேயே சொன்னேன். “அப்பா!” என்றாள். அதற்குமேல் திட்ட நேரமில்லை, அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

மஹ்நாஸ் அம்மா எழுந்து ஜெர்மனில் பேசினார். இசக்கி என் காதருகே சொன்னாள். “கார்ட்ல இருக்கிற தீ கல்லுல இல்லைன்னு சொல்றாங்க. நான் தப்பா வாசிச்சிட்டேன்னு சொல்றாங்கப்பா. உங்களைச் சொல்லல, தன்னைத்தான் சொல்றாங்க.”

அதைக் கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூப்பிடும் முன்பே எழுந்தேன். தமிழில்தான் சொன்னேன், என் தப்பை என் மொழியில் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. கல்லின் கதை, பள்ளம், நகம், மூன்று கோடு. இசக்கி ஒவ்வொரு வாக்கியமாக மாற்றினாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

முதல் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் கேட்டார். “எதற்காகச் செய்தீர்கள்?”

“இந்த அம்மா சந்தோஷப்படணும்னு.”

இசக்கி சொல்லி முடித்ததும் எல்லா முகமும் மஹ்நாஸ் அம்மா பக்கம் திரும்பியது.

“எட்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் என்னை எழுதச் சொன்னார். ‘பீடத்தின் மேல் கல் பெயர்ந்துள்ளது. இடது ஓரத்தில் இரண்டு உளித் தடம். சுடர் போன்ற மூன்று கோடுகள் என் நகம்’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவர் ஜெர்மனிலும் பாரசீகத்திலும் எழுதினார். பிறகு மக்களைப் பார்த்து, “தீயா சிலுவையா, எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். அது மட்டும் தெரியும். இன்று நாம் அங்கிருந்து தொடங்குவோம்” என்றார். குரல் டிராமில் நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதைப் போல நிதானமாக இருந்தது.

கடைசியாக என் வேலை. பாரசீகக் கல்வெட்டு ஒன்றின் சுண்ணாம்பு வார்ப்பை மேசைமேல் வைத்திருந்தார்கள். தாளை நனைத்து விரித்தேன், பிரஷ்ஷை எடுத்தேன். தட்டும் சத்தம் கேட்டதும் என் கைக்கு ஊர் வந்துவிட்டது, பயமெல்லாம் போய்விட்டது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வோர் எழுத்தாகத் தாள் இறங்கியது. வலது மேல்மூலையில் வார்ப்பு உடைந்து ஒரு பள்ளம் இருந்தது. தாள் அங்கே சுருங்கி அசிங்கமாக நின்றது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், கட்டைவிரல் தானாகவே அந்தப் பக்கம் போனது.

எதிரே நின்ற மஹ்நாஸ் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை உயர்த்தி அவருக்குக் காட்டினேன். நகம் இல்லை. காலையில் தங்கும் விடுதியின் வரவேற்பில் நகவெட்டி வாங்கி, ஒட்ட வெட்டிவிட்டு வந்திருந்தேன். அவர் அப்போதுதான் சிரித்தார். நான் மைப்பந்தை எடுத்து அந்தப் பள்ளத்தின்மேலும் ஒற்றினேன். அது உடைந்த இடமாகவே கறுப்பாக விழுந்தது.